ஒரே லிஃப்ட்டில் விழுந்த இரண்டு பேர்

லிஃப்ட் விழுந்தபோது அதற்குள் நாங்கள் இருவர்தான் இருந்தோம், நானும் என் மனைவியும்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் நாங்கள் இருந்த பழைய அறையை இடித்து, அதற்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில் எங்களுக்குப் பன்னிரண்டாவது மாடியில் வீடு வந்திருந்தது. குடிவந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் தோளில் அரிசிப் பை. அவள் பையில் காய்கறியும் ஒரு கண்ணாடி பாட்டில் நல்லெண்ணெயும்.

பாதி உயரத்துக்கு மேல் போயிருப்போம். தலைக்கு மேலே இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் வந்தது. லிஃப்ட் நின்றது. பிறகு காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனது. இரண்டு மாடி விழுந்திருப்போம் என்று மெக்கானிக் பிறகு சொன்னான். அதற்குள் பாதுகாப்புக் கவ்வி லிஃப்ட்டின் பக்கவாட்டு இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து, பெரிய அடியோடு எங்களை நிறுத்தியிருக்கிறது. விளக்கு அணைந்துவிட்டது. பாட்டில் உடைந்து அந்த இருட்டு முழுவதும் நல்லெண்ணெய் வாசனை.

"என்னங்க, இருக்கீயளா?" என்று அவள் கேட்டாள்.

என் வாய் திறந்திருந்தது, குரல்தான் எங்கோ போய்விட்டது. அவள் என் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, எழுந்து கதவைத் தட்டினாள். இந்தியில் சத்தம் போட்டாள். ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறந்தபோது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தது. அவள் முதலில் காய்கறிப் பையை எடுத்துக் கொடுத்தாள், அப்புறம் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள், கடைசியில்தான் அவள் ஏறினாள்.

மெக்கானிக் சின்ன வயதுக்காரன். "கேட்ச் பகட் லியா நா, அங்கிள். குச் நஹி ஹுவா," என்றான். கவ்வி பிடித்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பின்னால் அந்த 'ஒன்றும் ஆகவில்லை'யை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. எங்கள் குடியிருப்புச் சொசைட்டி செகரட்டரி சொன்னார், ஆபீசில் சொன்னார்கள், ஊரிலிருந்து போன் செய்த மச்சினன் சொன்னான். எக்ஸ்ரே எடுத்தவரும் அதையே சொன்னார்.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டியைப் பார்த்து எங்கே எவ்வளவு சேதம் என்று எழுதுவது என் பிழைப்பு. பம்பர் நசுங்கியிருந்தால் நசுங்கியிருக்கிறது. அதில் யாரும் என்னோடு வாதாட மாட்டார்கள். எனக்கு ஏற்பட்டதை மட்டும் எங்கே தொட்டுக் காட்டுவது என்று தெரியவில்லை.

லிஃப்ட் சரியானதும் என் மனைவி அதில் ஏறி வேலைக்குப் போனாள். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் அவளுக்குக் கவுண்ட்டர் வேலை. நான் படிக்கட்டில் இறங்கினேன். சர்க்கரைக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். சில வாரம் அந்தப் பொய் ஓடியது.

பிறகு நல்லெண்ணெயில் மாட்டிக்கொண்டேன். ஒரு காலையில் தோசைக்குப் பொடியில் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். வாசனை மூக்கில் ஏறிய நொடியில் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனது, அந்த லிஃப்ட்டில் போன மாதிரியே. தட்டைத் தள்ளிவிட்டு வாசல் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் நல்லெண்ணெய் கிடையாது. அவள் கடலை எண்ணெய்க்கு மாறினாள், ஆனால் ஒவ்வொரு தோசைக்கும் முணுமுணுத்தாள். "கடலெண்ணெயில பொடியைக் குழைச்சா அது பொடியா? சேறு." அவள் சொன்னது உண்மைதான். எனக்கும் பிடிக்கவில்லை. அதுவும் சேர்ந்து எரிச்சலாக இருந்தது.

காட்கோபரில் ஒரு பட்டறையில் நடந்ததுதான் என்னை டாக்டரிடம் அனுப்பியது. ஒரு காரின் அடிப்பாகத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வண்டியைத் தூக்கி வைக்கிற ராம்ப்பை யாரோ சட்டென்று இறக்கினார்கள். இரும்புச் சத்தம். அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் இரண்டு டயர்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்ததும், பட்டறைக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றதும்தான். ஒருவன் தண்ணீர் கொடுத்தான். அந்த வண்டியின் சொந்தக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பரிதாபம் இருந்தது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

என் மகள் கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், பேச்சில் பாதி இந்தி. அவள்தான் பெயரை முதலில் சொன்னாள், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனதில் தங்கிவிடுகிற வியாதியின் பெயர். "பப்பா, யே தோ பி.டி.எஸ்.டி. லக்தா ஹை. போய்க் காட்டுங்களேன்."

"அது ராணுவத்துக்காரங்களுக்கு வாரது," என்றேன்.

"லிஃப்ட்ல விழுந்தவங்களுக்கும் வரும்."

ஒரு பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவில், மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். பேச்சைக் கேட்டதுமே பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம் என்று தெரிந்தது. நான் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "உங்க ஒய்ஃபும் அதே லிஃப்ட்ல தானே இருந்தா? அவா எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"அவ நல்லா இருக்கா, மேடம். அதான் எனக்குப் புரியலை. ஒரே லிஃப்ட்டு, ஒரே விழுகை. அவளுக்கு ஒண்ணுமில்லை. எனக்கு மட்டும் ஏன்?"

அந்தக் கேள்வியைத்தான் நான் எல்லா மாடியிலும் மூச்சிரைக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மூளைல இருக்கற பெப்டைடால இருக்கலாம். ரொம்பச் சின்ன புரோட்டீன்னு வெச்சுக்கோங்கோ," என்றார். "மூளையே தயாரிச்சு, ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குச் சேதி சொல்ல அனுப்பறது. ஆபத்துன்னா சி.ஆர்.எஃப்.னு ஒண்ணு கெளம்பும். அதுதான் உடம்பு பூரா அலாரம் அடிக்க வெக்கறது. நெஞ்சு படபடக்கறது, வேர்க்கறது, எல்லாம் அங்கேர்ந்துதான் ஆரம்பம். அது இருக்க வேண்டியதுதான். இல்லேன்னா நாம பஸ்ஸுக்கு முன்னாடி போய் நிப்போம்."

"சரி. அலாரத்தை நிறுத்துறது யாரு?"

"அதுக்கும் சிலது இருக்கு. நியூரோபெப்டைட் ஒய்னு ஒண்ணு. போறும், ஆபத்து போயாச்சுன்னு அமத்தி வெக்கறது. இந்த மாதிரி வியாதி இருக்கறவா சில பேர்கிட்ட அது கம்மியா இருக்கறதாப் பாத்திருக்கா."

எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. கோழை என்று யாரும் என்னைச் சொல்லவில்லை, ஆனால் நான் எனக்குள் அந்த வார்த்தையைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு வேறு பெயர் கிடைத்துவிட்டது. ஒரு பொருள் குறைவு. குறைந்தால் நிரப்பலாம்.

"அப்ப டெஸ்ட் எழுதிக் குடுங்க மேடம்."

"ரத்தத்துல அளக்கலாம். ஆனா ரத்தத்துல இருக்கறது மூளைல என்ன நடக்கறதுன்னு சொல்லாது. முதுகுலேர்ந்து தண்ணி எடுத்துப் பாக்கணும். அதையும் ஆராய்ச்சிக்குத்தான் பண்ணுவா. அப்படியே பாத்தாலும் நான் உங்களுக்குக் குடுக்கற மாத்திரை மாறப்போறதில்லை."

அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேறு ஏதோ ரசாயனத்துக்கு. செரட்டோனினுக்கு என்றார். அப்படியானால் இவ்வளவு நேரம் எனக்கு எதற்கு அந்த ஒய் கதையைச் சொன்னார் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் புகைந்துகொண்டிருந்தேன். நான் ஒரு சேதத்தைக் காட்டினால், அவர் வேறொரு பாகத்துக்கு ரிப்பேர் எழுதுகிறார்.

சொன்னதைக் கேட்கிற ஆளா நான்? செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் நியூரோபெப்டைட் ஒய் பார்க்க வேண்டும் என்றேன். கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தாள். வைட்டமின் டி இருக்கிறது, பி ட்வெல்வ் இருக்கிறது, தைராய்டு இருக்கிறது, மூன்றையும் சேர்த்து எடுத்தால் ஆஃபர் உண்டு என்றாள். வெறுங்கையோடு வந்தால் இன்னும் கோபம் வரும் என்று வைட்டமின் டி பார்த்துவிட்டு வந்தேன். அது குறைவாக இருந்தது.

மகள் போனில் வேறொன்றைக் காட்டினாள். ஆக்ஸிடாசின் என்று இன்னொரு பெப்டைட். பயத்தைக் குறைக்கும், மனிதர்கள்மேல் நம்பிக்கையைக் கூட்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் எச்சரிக்கையாகத்தான் சொன்னாள், முழுக்க நம்பாதீர்கள் என்று. நான் மறுநாளே அதே செம்பூரில் ஒரு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, வீட்டில் யாருக்குப் பிரசவம் என்றார். பிரசவம் இல்லை, எனக்குத்தான் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "தபேலா ஹை க்யா?" என்று கேட்டார். மாட்டுக்கொட்டில் வைத்திருக்கிறீர்களா என்று. எருமைக்கு அந்த ஊசியைப் போட்டால் பால் சட்டென்று இறங்குமாம். அதற்காகத் திருட்டுத்தனமாக வாங்குகிறவர்கள் உண்டாம், அதனால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே மாட்டாராம்.

மூளை வியாதிக்கு மருந்து கேட்கப் போய் எருமைப்பால் திருடனாகத் திரும்பினேன்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்தார். "அது லேபர் வார்டுல போடற ஊசி. ரத்தத்துல போட்டா மூளைக்குள்ள ஒழுங்காப் போய்ச் சேராது. மூக்கு வழியா ஸ்ப்ரே அடிச்சுப் பாத்திருக்கா. சில பேருக்குப் பயம் கொறையறது, சில பேருக்குக் கூடிப்போறது. நான் எழுத மாட்டேன்."

"அந்த அலாரம் அடிக்குறதை நிறுத்த மருந்து?"

"சி.ஆர்.எஃபைத் தடுக்கற மருந்தும் பண்ணிப் பாத்தா. எலிகிட்ட நன்னா வேலை செஞ்சுது. மனுஷாகிட்ட எதிர்பார்த்த மாதிரி இல்லை."

"எலிக்கு இருக்குற மருந்து எனக்கு இல்லையா மேடம்?"

"எலிக்கும் அது கடைல கெடைக்காது," என்றார். பிறகு, "நீங்க லிஃப்ட்ல ஏறணும்," என்றார்.

நான் எழுந்துவிட்டேன். இதைச் சொல்லவா இத்தனை வருடப் படிப்பு? மச்சினனும் இதைத்தான் சொன்னான், வாட்ச்மேனும் இதைத்தான் சொன்னான், ஏறிப் பழகு என்று. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அவா உங்களைத் தள்ளி விடப் பாக்கறா. நான் நிக்கத்தான் சொல்றேன். கதவு தெறந்திருக்கட்டும். உள்ள ஒரு கால் வையுங்கோ. படபடப்பு ஏறும், ஏறட்டும். அது தானா எறங்கற வரைக்கும் அங்கேயே நில்லுங்கோ. எறங்கும். பாதியில ஓடி வந்தேள்னா, ஓடினதாலதான் பொழைச்சோம்னு மூளை கத்துக்கும்."

அப்படித்தான் எங்கள் பயிற்சி ஆரம்பித்தது. மத்தியான நேரத்தில், லிஃப்ட்டில் கூட்டம் இல்லாதபோது, என் மனைவி வெளியே நின்று பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். நான் உள்ளே நிற்பேன். ஆளில்லாத நேரம் என்று இந்தக் கட்டிடத்தில் ஒன்று கிடையாது. கதவு மூடாததால் பஸ்ஸர் கத்தும். கீழே மணி அடிப்பார்கள். நாலாவது மாடி மராட்டிக்காரர் ஒருவர் படிக்கட்டு வழியாக ஏறிவந்து, "க்யா பிக்னிக் சல் ரஹா ஹை?" என்றார். இங்கே என்ன பிக்னிக்கா நடக்கிறது என்று. என் மனைவி, "இவருக்கு டாக்டர் சொல்லியிருக்கார்," என்று இந்தியில் சொன்னாள். அவர் என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஒன்றும் தெரியாததால் முனகிக்கொண்டே போனார்.

சில நாள் படபடப்பு இறங்கியது. சில நாள் இறங்கவே இல்லை. இறங்காத நாட்களில் அவள்மேல் விழுந்தேன். பொத்தானைச் சரியாகப் பிடிக்கவில்லை, போனைப் பார்க்கிறாய், யாரிடமோ பேசுகிறாய் என்று.

ஒருநாள் இருவருமாகப் படி ஏறிக்கொண்டிருந்தோம். நான் கூட இருந்தால் அவளும் படியில்தான் வருவாள், அது பழக்கமாகிவிட்டது. ஏழாவது மாடித் திருப்பத்தில் நான் மூச்சு வாங்க நின்றபோது, "நாளைக்குக் கதவை மூடிப் பாப்பமா?" என்று கேட்டாள்.

"உனக்கென்ன, லேசாச் சொல்லிருவ. உனக்கு அந்த ஒய் நெறைய இருக்கு," என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"என்ன ஒய்யி? எனக்கும் நெஞ்சு அடிக்கத்தான் செஞ்சுது. லிஃப்ட்டு சரியான அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டு முருகா முருகான்னுட்டுத்தான் உள்ள போனேன். கடையில போய்ச் சேலையை விரிக்கையில கை ஆடுச்சு. நீங்க ஏறமாட்டேன்னுட்டீய. நானும் ஏறமாட்டேன்னு உக்காந்தா, பாலு யாரு வாங்குதது, புள்ளைக்குச் சோறு யாரு கட்டுதது? உங்களுக்கு ஒரு டாக்டரம்மா இருக்காவ, ஒரு பேரு இருக்கு, இத்தனை இங்கிலீசு வார்த்தை இருக்கு. நான் நல்லா இருக்கேன்னு எல்லாரும் சொல்லிட்டாவ. நீங்களும்தான் சொல்லிட்டீய."

பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்தேன். வருத்தம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ எரிச்சல். இத்தனை மாதமாக எனக்கு இருந்த ஒரே விளக்கம் அது. அவளிடம் அந்தப் பொருள் கூடுதல், என்னிடம் குறைவு. அதையும் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படியானால் அவளுக்கு ஏன் சரியாயிற்று?

"முதல்லேயே திரும்பிப் போய் ஏறினதால இருக்கலாம். பெப்டைட் கூட இருந்ததால ஏற முடிஞ்சிருக்கலாம். ரெண்டும் இருக்கலாம். ஒருத்தரை வெச்சுண்டு சொல்ல முடியாது," என்றார். "அவாளையும் ஒருதரம் அழைச்சுண்டு வாங்கோ."

வரமாட்டேன் என்றுவிட்டாள். கடையில் சீசன், லீவு கொடுக்க மாட்டார்கள் என்றாள். நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தும்படியான நிலைமையும் அப்போது வீட்டில் இல்லை.

அவள் முழங்கால் அந்த வருட மழைக்காலத்துக்கு முன்பே வீங்கத் தொடங்கியது. எலும்பு டாக்டர் படி ஏறவே கூடாது என்றார். என்னோடு ஏறி ஏறித்தான் அது வந்தது என்று அவள் சொல்லவில்லை. மகள் சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வெளியே போனாலும் கீழே வந்ததும் பிரிந்துவிடுவோம். அவள் லிஃப்ட்டில் போய் வீட்டைத் திறந்து, முகம் கழுவி, விளக்கேற்றி, தேநீர் போட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் வாசலுக்கு வருவேன். தேநீரில் ஆடை படிந்திருக்கும்.

நின்றுபோயிருந்த பயிற்சியை மறுபடி தொடங்கினோம். இந்த முறை அவள் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள், நான் பக்கத்தில் நின்றேன். கதவு மூடியது. ஒரு மாடி. மறுநாள் அதே ஒரு மாடி. பிறகு இரண்டு. என் கை கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போகும். அவள் என்னைப் பார்க்க மாட்டாள், கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது உதவியாக இருந்தது. ஆறாவது மாடி வரை வந்துவிட்டோம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். எனக்கு அந்தச் சந்தோஷம்கூட எரிச்சலாகத்தான் இருந்தது. ஐம்பது வயதில் ஆறு மாடி போனதற்குப் பாராட்டு.

ஜூலையில் ஒரு சாயங்காலம், பெரிய மழை. லிஃப்ட்டில் நாங்களும் எங்கள் கட்டிடத்தின் அடுத்த விங்கில் இருக்கிற ஒருவரும் இருந்தோம். கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கிற வரை லிஃப்ட் ஆடாமல் நின்றது, அவ்வளவுதான். விழவில்லை, சத்தம்கூட இல்லை. அந்த மனிதர் ஏதோ சமாதானமாகச் சொல்ல என் தோளைத் தொட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டுக் கத்தினேன் என்று என் மனைவி சொன்னாள். என்ன கத்தினேன் என்று அவள் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டவளும் அவள்தான். மறுபடி திறந்த கதவுக்குப் போனேன், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

இப்போது எங்கள் கட்டிடத்து லிஃப்ட்டில் போய் வருகிறேன். அவள் கூட இருந்தால் பன்னிரண்டாவது வரை. தனியாக என்றால் எட்டு, ஒன்பது, அன்றைய உடம்பைப் பொறுத்து, மீதிப் படிக்கட்டு. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. வீட்டுக்கு நல்லெண்ணெய் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அது என் பக்கத்துக்கு வராது. டாக்டரம்மாவிடம் போகும்போதெல்லாம், அந்த பெப்டைட் விஷயத்தில் புதிதாக ஏதாவது வந்ததா என்று கேட்பேன். ஆராய்ச்சி நடக்கிறது என்பார். எப்போது கைக்கு வரும் என்றால், தெரியாது என்பார். தெரியாது என்று நேராகச் சொல்கிற ஒருவரிடம் கோபப்படவும் முடியவில்லை. பெயர் தெரிகிறது, மூளையில் எந்த இடத்தில் சுரக்கிறது என்று தெரிகிறது, எலியிடம் என்ன செய்கிறது என்று தெரிகிறது. நான் மட்டும் இன்னும் ஒன்பதாவது மாடியில் இறங்கி நடக்கிறேன்.

போன மாதம் என் மனைவியின் தங்கை சான்பாடாவில் வாங்கிய புது வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. பதினெட்டாவது மாடி. கீழே போய் நின்றதும் பார்த்தேன், லிஃப்ட்டின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. ஏறும்போது கீழே தரை விலகுவது தெரியும். நான் இரண்டு அடி பின்னால் வந்து நின்றேன். உறவுக்காரர்கள் எல்லாரும் ஏறிக்கொண்டு, வாங்க வாங்க, இடம் இருக்கு என்றார்கள். தங்கையின் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க, அவியளுக்கு லிஃப்ட்டு ஆகாது," என்றாள் என் மனைவி.

கத்தரிக்காய் ஆகாது என்று பந்தியில் சொல்வோமே, அந்தக் குரலில். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கையை விட்டுவிட்டு, படி எந்தப் பக்கம் என்று செக்யூரிட்டியிடம் விசாரித்துச் சொன்னார். கதவு மூடி, கண்ணாடிக்குள் அவர்கள் எல்லாரும் மேலே போனார்கள். அவள் மட்டும் கீழே பார்த்தாள்.

நான் ஏறினேன். நாலு மாடிக்கு ஒருதரம் உட்கார்ந்தேன். ஒரு திருப்பத்தில் யாரோ சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தார்கள், அதைச் சுற்றிப் போவதற்குள் வேட்டியில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது ஹோமப் புகை அடங்கிவிட்டது, முதல் பந்தி எழுந்துவிட்டது. அவள் சுவரோரம் எனக்கு ஓர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாயசம் தீந்து போச்சு," என்றாள். "சாம்பார் ஆறிப்போயிருக்கும். சூடு பண்ணச் சொல்லவா?"

"ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.